சிறைவாசிகளிடையே பலியாக்கம்: பாதுகாப்பின் சுமை யார் தோளில்?

ஆய்வுச் சுருக்கம்

சிறையில் அடைக்கப்பட்டோர் தம்முடன் அடைக்கப்பட்ட பிறராலேயே அடி, அச்சுறுத்தல், பொருட்பறிப்பு, ஒதுக்கல், பாலியல் வன்முறை ஆகியவற்றுக்கு உள்ளாவதைக் குற்றவியலார் சிறைப் பலியாக்கம் என்பர். தீயோர் ஓரிடத்தில் கூடியதால் இயல்பாக விளைவது இது என்பது பொதுக்கருத்து. இக்கட்டுரை அக்கருத்தை மறுக்கிறது. நிருவாகம் தன் கடமையில் ஒரு பகுதியைச் சிறைவாசிகளின் கையில் விட்டுவிடும் இடங்களிலேயே பலியாக்கம் வேர்கொள்கிறது. அதைத் தடுக்க எடுக்கப்படும் பாதுகாப்பு நடவடிக்கைகளின் சுமையும் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் மீதே விழுகிறது. சிறைக்குள் நிலவும் கடன் உறவு, கைதிக் காவலர் முறை, புகார் நடைமுறை, பாளையங்கோட்டை மத்தியச் சிறையின் சாதிவாரிப் பிரிப்பு ஆகியவற்றைக் கொண்டு இக்கருத்து விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சிறைப் பலியாக்கம், கைதிக் காவலர், சிறைக்கடன், சாதிப் பிரிப்பு, பாதுகாப்புத் தனிமை, பாளையங்கோட்டை.

முன்னுரை

உத்தரப் பிரதேசச் சிறையொன்றில் கொலைக் குற்றத்திற்காகத் தண்டனை அனுபவித்து வந்த ஒருவர் அச்சிறையிலேயே மற்றொரு கைதியால் கொல்லப்பட்டார். அவர் மனைவி தொடுத்த ‘கேவல் பதி எதிர் உத்தரப் பிரதேச அரசு’ என்னும் வழக்கில் 1995ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அக்குடும்பத்திற்கு ஓர் இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. தண்டிக்கப்பட்டவர் என்பதனாலேயே ஒருவர் தம் உயிர்ப் பாதுகாப்பை இழந்துவிடுவதில்லை என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. கொன்றவர் அரசு ஊழியர் அல்லர்; ஆயினும் பொறுப்பு அரசினுடையதாயிற்று. அவரை அச்சுவர்களுக்குள் வைத்ததும், அங்கிருந்து விலகிச் செல்லும் வழியை அடைத்ததும் அரசே.

வெளியுலகில் அச்சுறுத்தப்படும் மனிதர் தெருவை மாற்றிக்கொள்ளலாம். ஊரை விட்டுப் போகலாம். இரவில் கதவை உள்ளிருந்து தாழிடலாம். சிறைவாசிக்கு இம்மூன்றும் இல்லை. சிறைக் கதவுக்குப் பூட்டு வெளிப்புறத்தில் இருக்கிறது. தன்னைத் தாக்கக்கூடியவர் பெரும்பாலும் அதே கதவுக்கு உள்ளே இருக்கிறார். சிறைப் பலியாக்கத்தைப் பிற பலியாக்கங்களிலிருந்து வேறுபடுத்துவது இந்த ஒரு செய்தியே.

தமிழில் சிறை பற்றிய எழுத்து குறைவன்று. வ.உ. சிதம்பரனார் தம் சிறை வாழ்வைச் செய்யுளாகவே பாடி வைத்தார். ஆயினும் அவ்வெழுத்துகளில் பெரும்பகுதி அரசுக்கும் கைதிக்கும் இடையிலான உறவைப் பேசுகிறது. கைதிக்கும் கைதிக்கும் இடையே நிகழ்வது ஓரத்தில் நிற்கிறது. அந்த ஓரமே இக்கட்டுரையின் பொருள்.

பலியாக்கம் என்னும் சொல்

‘பலி’ என்னும் சொல் தமிழில் வேள்வியோடும் கோயிலோடும் தொடர்புடையது. பலியாகும் உயிர் குற்றமற்றது என்னும் குறிப்பு அதில் உறைகிறது. இக்குறிப்பு சிறையைப் பொறுத்தவரை இடர் தருவதாகும். சிறையில் அடிபட்டவரும் ஏதேனும் ஒரு குற்றத்தின் பேரில் வந்தவர்தாமே என்னும் எண்ணம், அவரைப் பாதிக்கப்பட்டவராகக் காணவிடாமல் தடுக்கிறது. ‘பாதிப்புக்குள்ளாதல்’ என்று எழுதலாம் எனினும், அச்சொல்லாட்சியில் செய்தவர் மறைந்து விடுகிறார். எனவே குறையோடு கூடியதாயினும் ‘பலியாக்கம்’ என்பதே இங்கு ஆளப்படுகிறது. ஆக்குவோர் உண்டு என்பதையாவது அச்சொல் காட்டுகிறது.

இத்துறையில் முன்னோடியாகக் கருதப்படும் லீ பௌக்கர் 1980இல் வெளியிட்ட நூலில் சிறைப் பலியாக்கத்தை உடல்சார்ந்தது, உளஞ்சார்ந்தது, பொருள்சார்ந்தது, சமூகஞ்சார்ந்தது என நான்காகப் பகுத்தார். முதல் மூன்றும் எளிதில் விளங்குவன. நான்காவது, ஒருவர் தாம் செய்த எதற்காகவும் அன்றி, தாம் சார்ந்த குழுவின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவது. அமெரிக்கச் சிறைகளை நோக்கி எழுதிய பௌக்கருக்கு இனம், சமயம் போன்றவை கண்முன் நின்றன. இந்திய வாசகருக்கு அவ்விடத்தில் தோன்றும் சொல் வேறு. அதனைப் பின்னர்க் காண்போம்.

எண்ணப்படுவதும் எண்ணப்படாததும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சிறைப் புள்ளிவிவரங்களை வெளியிடுகிறது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். சிறைகளின் கொள்ளளவைப் போல் இது 131.4 விழுக்காடு. அவர்களுள் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். சிறையில் அடிபடுவது தண்டனையின் ஒரு பகுதிதான் என்று வாதிடுவோர் உளராயின், நால்வரில் மூவருக்கு அவ்வாதம் பொருந்தவே பொருந்தாது என்பதை இவ்வெண் காட்டுகிறது. எஞ்சிய ஒருவருக்கும் பொருந்தாது என்பது கேவல் பதி வழக்கின் முடிவு.

காப்பகத்தின் அறிக்கை சிறையில் நிகழும் இயற்கைக்கு மாறான இறப்புகளை வகைப்படுத்துகிறது. தற்கொலை, சக கைதிகளால் நேர்ந்த கொலை என்பன அவ்வகைகளுள் அடங்கும். குழு மோதல்களும் அதில் இடம்பெறுகின்றன. ஆனால் ஒருவர் தம் வீட்டிலிருந்து வந்த பணத்தில் பாதியை மாதந்தோறும் மற்றொருவருக்குக் கொடுக்க நேர்வதோ, உறங்கும் இடத்திற்காகப் பிறர் துணியைத் துவைப்பதோ, இரவில் தொடப்படுவதோ எந்தப் பத்தியிலும் ஏறாது. இறப்பாகவோ கலவரமாகவோ முதிராத எதுவும் எண்ணாக மாறுவதில்லை. தற்கொலைகளில் எத்தனை இத்தகைய துன்புறுத்தலின் முடிவு என்பதை அந்த எண்ணிலிருந்து பிரித்தறியவும் இயலாது.

இவ்விடத்தில் நெரிசலைப் பற்றி ஒரு சொல். சிறை வன்முறைக்கு நெரிசலே காரணம் என்று எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நெரிசல் கொடியது, கண்காணிப்பைச் சிதைப்பது. ஆயினும் அதுவே காரணமாயின், தேசியச் சராசரியைவிட நெரிசல் குறைந்த தமிழகச் சிறைகளில் கீழே கூறப்படும் நிகழ்வு நேர்ந்திருக்கக் கூடாது.

பீடியும் கடனும்

நியூ ஜெர்சி மாநிலச் சிறையை ஆராய்ந்து கிரெஷாம் சைக்ஸ் 1958இல் வெளியிட்ட நூல், சிறைவாழ்வின் இழப்புகளாக ஐந்தைக் கூறுகிறது: விடுதலை, பொருளும் பணியும், பாலுறவு, தன்னாட்சி, பாதுகாப்பு. ஐந்தாவதை அவர் இறுதியில் வைத்தாலும், அதுவே ஏனைய நான்கின் விளைவுகளையும் தாங்கி நிற்கிறது. பொருள் இல்லாத இடத்தில் சிறு பொருளும் பெரும் மதிப்புப் பெறுகிறது. வெளியில் சில்லறைக்கு விற்கும் பீடி, சிறைக்குள் நாணயமாகிறது. சோப்பு, எண்ணெய், ஊறுகாய், கைப்பேசியில் பேசக் கிடைக்கும் சில நிமிடங்கள் என எதுவும் அந்நாணயத்தால் அளக்கப்படலாம்.

சைக்ஸ் அச்சிறைவாசிகளின் பேச்சுவழக்கிலிருந்தே சில பாத்திரங்களை எடுத்துக் காட்டினார். பிறர் பொருளை வலுவால் பறிப்பவனை அவர்கள் ‘கொரில்லா’ என்றனர். பகிர்ந்துகொள்ள வேண்டியதை விலைக்கு விற்பவனை ‘வணிகன்’ என்றனர். இருவருமே வெறுக்கப்பட்டனர். பறிப்பவனுக்கும் விற்பவனுக்கும் இடையே வேறுபாடு உண்டு என்று நாம் எண்ணுவோம். சிறைவாசியின் கண்ணோட்டத்தில் அவ்வேறுபாடு மெல்லியது. இன்று கடனாகத் தருபவனே நாளை பறிப்பவனாக மாறுவான்.

அம்மாற்றம் நிகழும் முறை எளியது. புதிதாக வந்தவரிடம் ஒன்றும் இருக்காது. ‘மனு’ பார்க்க உறவினர் வர நாளாகும். சிறைக் கணக்கில் பணம் சேர அதைவிட நாளாகும். அந்த இடைவெளியில் ஒருவர் அன்பாகப் பீடியும் சோப்பும் தருகிறார். ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தர வேண்டும் என்பது பின்னர்த் தெரியவருகிறது. குறித்த நாளில் தரவில்லையேல் கடன் பெருகுகிறது. அதற்குமேல் அக்கடனைத் தீர்க்க வேலை செய்ய வேண்டும். அல்லது வெளியிலுள்ள குடும்பம் யாரோ ஒருவரிடம் பணம் சேர்ப்பிக்க வேண்டும். அல்லது தடை செய்யப்பட்ட பொருளை ஒளித்து வைக்கும் இடமாகத் தம் படுக்கையைத் தர வேண்டும். சோதனையில் அகப்படுபவர் அவரே. அவர் பெயரில் சிறைக்குற்றம் பதிவாகும். பாதிக்கப்பட்டவர் இவ்வாறு ஏட்டளவில் குற்றம் செய்தவராகிறார்.

இங்கிலாந்துச் சிறைகளில் களஆய்வு செய்த கிமெட் எட்கர், இயன் ஓடானெல், கரோல் மார்ட்டின் ஆகியோர் 2003இல் வெளியிட்ட நூல், பலியாக்குபவர், பலியாகுபவர் என மக்களை இரண்டாகப் பிரித்துவிட முடியாது என்று வற்புறுத்துகிறது. ஒருவரே இரு நிலைகளிலும் இருக்கிறார். நேற்று கடன்பட்டு அடிவாங்கியவர், இன்று வந்த புதியவருக்குக் கடன் தருகிறார். எளியவர் என்ற பெயர் வந்துவிட்டால் எல்லோரும் தன்னிடம் வருவர் என்ற அச்சத்தால் முந்திக்கொண்டு அடிப்போரும் உண்டு. ‘தீயவர்கள்’ என்னும் விளக்கம் இங்கு வலுவிழக்கிறது. அடித்தவனை வேறு சிறைக்கு மாற்றினாலும், அவன் நின்ற இடம் காலியாக இருப்பதில்லை. கணக்கில் பணம் ஏறும்வரை புதியவருக்குச் சோப்பையும் எண்ணெயையும் நிருவாகமே தந்திருந்தால் அக்கடன் தொடங்கியிராது. அந்தச் சிறு கடமை தவறிய இடத்தில்தான் கடன் கொடுப்பவர் நுழைகிறார்.

அதிகாரம் பெற்ற கைதி

கடன் உறவு நிருவாகத்தின் கண்ணுக்கு மறைவாக வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைதிக் காவலர் முறையை அவ்வாறு கூற முடியாது. அது சட்டத்தின் படைப்பு. 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம், 23ஆவது பிரிவில், சிறை அலுவலர்களாக நியமிக்கப்பட்ட கைதிகளை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பொருளில் பொதுஊழியர்களாகவே கருதவேண்டும் என்கிறது. குறைந்த செலவில் பெருங்கூட்டத்தை ஆள்வதற்குக் காலனி அரசு கண்ட வழி அது. அந்தமான் செல்லுலார் சிறையில் கைதிகளிலிருந்தே ‘டிண்டல்’, ‘பெட்டி ஆபீசர்’, ‘ஜமாதார்’ எனப் படிநிலைகள் அமைக்கப்பட்டன. அங்கு அடைபட்டிருந்த அரசியல் கைதிகளின் நினைவுக்குறிப்புகளில் வெள்ளை அதிகாரிக்கு இணையாக இந்தப் பெட்டி ஆபீசர்களும் இடம்பெறுவது தற்செயலன்று. நாள்முழுதும் கூடவே நின்றவர்கள் அவர்கள்.

இம்முறையின் தருக்கத்தை உற்று நோக்க வேண்டும். கைதிக் காவலருக்குக் கிடைப்பது சலுகை: கடின வேலையிலிருந்து விலக்கு, தண்டனைக் குறைப்பு, நடமாடும் உரிமை. அச்சலுகை அலுவலரின் மனநிறைவைப் பொறுத்தது. அலுவலர் எதிர்பார்ப்பது அமைதி. அமைதியை எவ்வாறு நிலைநாட்டினார் என்று கேட்பதில்லை என்பதே அந்த ஏற்பாட்டின் எழுதப்படாத பகுதி. எனவே அடி நிகழும்போது அரசு அடிக்கவில்லை. அரசின் அமைதி மட்டும் காக்கப்படுகிறது.

ஐக்கிய நாடுகள் அவை 2015இல் ஏற்றுக்கொண்ட, நெல்சன் மண்டேலா விதிகள் என வழங்கும் குறைந்தபட்ச விதிகளில் 40ஆவது விதி, ஒழுங்கு நடவடிக்கை சார்ந்த எந்தப் பணியிலும் கைதியை அமர்த்தலாகாது என்கிறது. 1955ஆம் ஆண்டின் மூல விதிகளிலேயே இத்தடை இருந்தது. இந்திய மாநிலங்களின் கையேடுகள் பலவற்றில் கைதி அலுவலர் என்னும் பிரிவு அதன் பின்னரும் நீடித்தது.

அப்பொறுப்பை ஏற்றவரெல்லாம் கொடுமைக்காரர் என்று இதற்குப் பொருளில்லை. 2017 ஜூனில் மும்பையின் பைக்குலா மகளிர் சிறையில், கைதிக் காவலராக இருந்த ஒரு பெண், உணவுப் பொருள் குறைந்தது பற்றி எழுந்த தகராறின் தொடர்ச்சியாகத் தாக்கப்பட்டு இறந்தார். அதன்பேரில் சிறைப் பணியாளர் ஆறு பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. கைதிக்கு முன் அவர் அதிகாரி. அதிகாரிக்கு முன் அவர் கைதி. இடையில் நின்றவருக்கு இருபுறமும் பாதுகாப்பில்லை.

இம்முறையை ஒரே நாளில் எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? டெக்சாஸ் மாநிலத்தின் பட்டறிவு இங்கு நினைக்கத்தக்கது. அங்கு ‘பில்டிங் டெண்டர்’ எனப்பட்ட கைதிகள் பிற கைதிகளை ஆண்டு வந்தனர். 1972இல் டேவிட் ரூயிஸ் என்னும் கைதி கையால் எழுதிய மனுவிலிருந்து வளர்ந்த ‘ரூயிஸ் எதிர் எஸ்டெல்’ வழக்கில், 1980இல் கூட்டரசு நீதிபதி வில்லியம் வெய்ன் ஜஸ்டிஸ் அம்மாநிலச் சிறைமுறையையே அரசமைப்புக்கு முரணானது என்றார். பில்டிங் டெண்டர்கள் நீக்கப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பப் போதிய, பயிற்சி பெற்ற காவலர்கள் இல்லை. குழுக்கள் அவ்விடத்தைப் பிடித்தன. 1984, 1985 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட கைதிகள் சக கைதிகளால் கொல்லப்பட்டனர். பழைய முறையே நன்று என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது பொருந்தாது. அரசு தன் கடமையை மற்றொருவர் கையில் கொடுத்துப் பழகிவிட்டால், அதைத் திரும்பப் பெறுவதற்கும் விலை கொடுக்க நேரும் என்பதே அது காட்டுவது.

புகார் செய்தவரின் நிலை

சிறைகள் சட்டத்தின் 45ஆவது பிரிவு, தாக்குதலைச் சிறைக்குற்றமாக வரையறுக்கிறது. எனவே அடிபட்டவர் புகார் செய்யலாம். யாரிடம்? தம் தொகுதியின் காவலரிடம். அவர் வழியாக மேலே. அப்புகார் செல்லும் வழியெங்கும் பலர் காண்பர். அவர் அலுவலகத்திற்கு அழைக்கப்பட்ட செய்தி, அவர் திரும்பி வருமுன் தொகுதியை எட்டிவிடும்.

1979இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த இரண்டாம் சுனில் பத்ரா வழக்கு இதற்கு நல்ல விளக்கம். திகார் சிறையில் ஒரு கைதியைத் தலைமைக் காவலர் பணம் கேட்டுக் கொடுமையாகத் துன்புறுத்தியதை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதமாக எழுதியவர், துன்புறுத்தப்பட்டவர் அல்லர். மரண தண்டனை பெற்றிருந்த மற்றொரு கைதி. அக்கடிதமே ஆட்கொணர்வு மனுவாக ஏற்கப்பட்டது. துன்புறுத்தியவர் காவலராதலால் இது கைதிகளிடையே நிகழ்ந்த பலியாக்கம் அன்று. ஆயினும் வாய் திறக்க முடிந்தவர் எவர் என்னும் செய்தி இருவகைக்கும் பொது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அத்தீர்ப்பில் சிறைகளில் புகார்ப் பெட்டிகள் வைக்கவும், அவை மாவட்ட நடுவர் அல்லது அமர்வு நீதிபதியின் பொறுப்பில் இருக்கவும் வழிவகுத்தார். திறவுகோல் சிறை நிருவாகத்திடம் இருக்கக் கூடாது என்பதே அதன் நுட்பம். பெட்டி வைப்பது எளிது. திறவுகோலை வேறிடத்தில் வைத்திருப்பதே தொடர்ந்து கவனிக்க வேண்டியது.

புகார் ஏற்கப்பட்டதாகவே கொள்வோம். அடுத்து என்ன? பாதிக்கப்பட்டவரைக் ‘காப்பாற்ற’ நிருவாகத்திற்கு எளிதாகக் கைவருவன இரண்டு வழிகள்: தனி அறை, அல்லது வேறு சிறை. தனி அறையில் அடைப்பது 46ஆவது பிரிவின்படி ஒரு தண்டனையுமாகும். பாதுகாப்புக்காக அடைக்கப்பட்டவரும் தண்டனையாக அடைக்கப்பட்டவரும் ஒரே வகைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நாளைக் கழிக்கின்றனர். தொழிற்கூடத்திற்குப் போக முடியாது; எனவே ஊதியமும் உழைப்புக்கான தண்டனைக் குறைப்பும் குறையும். வேறு சிறைக்கு மாற்றினாலோ, கூலி வேலை செய்யும் குடும்பம் ஒரு நாள் வருமானத்தையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்துதான் மனு பார்க்க வர முடியும். அடித்தவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். இக்கணக்கை ஒவ்வொரு சிறைவாசியும் போட்டுப் பார்த்திருப்பார். அவரது மௌனத்தைச் ‘சிறைவாசிகளின் எழுதாச் சட்டம்’ என்று மட்டும் விளக்குவது போதாது. அது தெளிந்த கணக்கின் விடையுமாகும்.

பாளையங்கோட்டை

பௌக்கரின் நான்காம் வகைக்கு இனி வரலாம். பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சிறைவாசிகள் சாதிவாரியாகத் தனித்தனித் தொகுதிகளில் அடைக்கப்படுவதை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிப்பேராணை மனு தொடுக்கப்பட்டது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதி மோதல்கள் மிகுதி; சிறைக்குள்ளும் அவை வெடிக்காமலிருக்கவே இவ்வாறு பிரிக்கப்படுகின்றனர் என்று நிருவாகம் விடையளித்தது. உயர்நீதிமன்றம் அதனை ஏற்று மனுவைத் தள்ளியது. பலியாக்கத்தைத் தடுப்பதற்காகவே பிரிப்பு என்பது அதன் சாரம். இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நிருவாகம் சுட்டிய பகை கற்பனையன்று.

எனினும் 2021 ஏப்ரலில், வேறு சிறையிலிருந்து அச்சிறைக்கு மாற்றப்பட்ட இளைஞர் ஒருவர், வந்த அன்றே சிறைவாசிகள் சிலரால் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் விசாரணைக் கைதி. உறவினர்கள் சாதிப்பகையையும் சிறை அலுவலர்களின் பொறுப்பையும் சுட்டிக் குற்றஞ்சாட்டி, இரண்டு மாதங்களுக்கும் மேலாக உடலைப் பெற மறுத்துப் போராடினர். சிறை அலுவலர்கள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

சிறைக்குள் பண்பாடு உருவாகும் விதம் பற்றி இரு கோட்பாடுகள் உண்டு. சைக்ஸ் வழிவந்தோர், அது சிறை தரும் இழப்புகளிலிருந்து பிறக்கிறது என்பர். ஜான் இர்வின், டொனால்டு கிரெஸ்ஸி ஆகியோர் 1962இல், அது வெளியிலிருந்து கொண்டுவரப்படுகிறது என்றனர். சாதி வெளியிலிருந்து வருவது என்பதில் ஐயமில்லை. ஆனால் வெளியிலிருந்து வந்ததற்குச் சிறை ஒரு சுவரை எழுப்பித் தருகிறது. ‘இது இன்னாருடைய தொகுதி’ என்று அரசே வகுத்துவிட்ட பின், அதற்குள் வரும் வேறொருவர் சக சிறைவாசியாக அன்றி, எல்லை மீறியவராகத் தோன்றுகிறார். ஊரில் தெருக்கள் பிரிந்திருப்பதைப் போன்ற அமைப்பு இது. தெருப் பிரிந்திருக்கும் ஊர்களில் மோதல் குறைந்துள்ளதா என்னும் வினாவைத் தென்மாவட்டங்களை அறிந்த எவரும் கேட்பர். பிரிப்பு பகையைத் தடுக்கவில்லை என்பதுடன், பகைக்கு முகவரியும் கொடுத்தது என்பதே ஆய்வாளரின் கருத்து.

2024 அக்டோபர் 3 அன்று ‘சுகன்யா சாந்தா எதிர் இந்திய ஒன்றியம்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பல மாநிலச் சிறைக் கையேடுகளில் சாதியை அடிப்படையாகக் கொண்டு துப்புரவுப் பணியையும் சமையல் பணியையும் பிரித்தளித்த விதிகளை நீக்கியது. சிறைப் பதிவேடுகளிலுள்ள சாதிப் பத்தியை அழிக்குமாறும், மூன்று மாதங்களுக்குள் கையேடுகளைத் திருத்துமாறும் ஆணையிட்டது. பாளையங்கோட்டை வழக்கையும் அத்தீர்ப்பு எடுத்து ஆராய்ந்தது. அரசு கூறியதும் உயர்நீதிமன்றம் ஏற்றதுமான காரணத்தோடு தான் உடன்பட இயலாது என்றது. ஒழுங்கைக் காப்பது நிருவாகத்தின் கடமை; அக்கடமையைச் சாதிப் பிரிப்பால் நிறைவேற்றலாகாது என்பது அதன் நிலை. அமெரிக்காவில் இனப்பிரிப்பை நியாயப்படுத்திய ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்னும் வாதத்தோடு அதனை நீதிமன்றம் ஒப்பிட்டது.

இவ்வொப்பீடு சிறைகளுக்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்தும் இடமும் உண்டு. கலிபோர்னியச் சிறைகள், புதிதாக வந்தோரையும் மாற்றலாகி வந்தோரையும் 60 நாள்வரை இனவாரியாக அறைகளில் அடைத்தன. இனக்குழுக்களிடையே வன்முறையைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாகக் கூறின. ‘ஜான்சன் எதிர் கலிபோர்னியா’ வழக்கில் 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அத்தகைய பிரிப்பும் மிகக் கடுமையான நீதிமுறை ஆய்வுக்கு உட்பட்டதே என்றது. பாளையங்கோட்டையில் கூறப்பட்ட காரணமும் கலிபோர்னியாவில் கூறப்பட்ட காரணமும் ஏறத்தாழ ஒரே சொற்களில் அமைந்திருப்பது வியப்பளிக்கிறது.

சாதிப் பத்தி அழிந்தபின் அவ்விடத்தில் என்ன எழுதுவது என்பதே இன்று நிருவாகத்தின் முன்னுள்ள வினா. டெக்சாஸின் பாடம் இங்கு மீண்டும் நினைவுக்கு வரவேண்டும்: ஒன்றை நீக்கிவிட்டு வெற்றிடத்தை விட்டால், அதைச் சிறைவாசிகளே நிரப்புவர். அதற்கு ஒரு விடை இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. 2000 மார்ச்சில் ஃபெல்தம் இளையோர் சிறையில் 19 வயதான ஜாகித் முபாரக், விடுதலையாக வேண்டிய நாளின் விடியற்காலையில், இனவெறி கொண்ட அறைத்தோழனால் தாக்கப்பட்டுப் பின்னர் இறந்தார். தாக்கியவனின் வெறுப்பைக் காட்டும் கடிதங்கள் அதற்கு முன்னரே சிறைப் பணியாளர் கண்ணில் பட்டிருந்தன. அவை உரிய இடத்தில், உரியவர் கையில் சேரவில்லை. குடும்பத்தினர் நடத்திய சட்டப்போராட்டத்தின் பயனாக அமைந்த பொதுவிசாரணை 2006இல் 88 பரிந்துரைகளுடன் அறிக்கை அளித்தது. வெள்ளையரையும் ஆசியரையும் தனித்தனியே வையுங்கள் என்னும் முடிவுக்கு எவரும் வரவில்லை. யாரை யாருடன் ஓர் அறையில் வைக்கலாம் என்பதை ஒவ்வொருவரின் முன்நடத்தை, மிரட்டல், எழுத்து ஆகியவற்றைக் கொண்டு வரும்போதே மதிப்பிடும் முறை அங்கு நடைமுறையானது.

பாளையங்கோட்டைப் பிரிப்புக்கும் இம்முறைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னது, பிறப்பைக் கேட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறது, எல்லோரையும் ஐயத்திற்குரியவராக்குகிறது. பின்னது, தாக்கக்கூடியவர் எவர் என்று தேடுகிறது. அதற்கு ஆள் வேண்டும். பதிவேடு ஒரு சிறையிலிருந்து மற்றொன்றுக்குக் கைதிக்கு முன்னரே போய்ச் சேர வேண்டும். வந்த முதல் இரவில் எவருடன் வைப்பது என்று முடிவு செய்யும் அலுவலர் அப்பதிவேட்டைப் படித்திருக்க வேண்டும். மேற்கண்ட 2021 நிகழ்வு, மாற்றப்பட்டு வந்த அதே நாளில் நேர்ந்தது என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

சட்டத்தில் இடமிழந்த குற்றம்

இறுதியாக, பேசப்படாத ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஆண்சிறைகளில் ஆண்கள்மீது நிகழும் பாலியல் வன்முறையைப் பற்றித் தமிழில் ஆய்வெழுத்து மிக அரிது. அடிபட்டதைச் சொல்பவரும் இதைச் சொல்வதில்லை. சொல்லத் துணிந்தால், சட்டம் அவருக்கு எப்பெயரைத் தருகிறது?

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு இசைவுடன் கூடிய உறவையும் குற்றமாக்கியிருந்தது. 2018இல் நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பகுதியை மட்டும் நீக்கி, இசைவற்ற செயலுக்கு அப்பிரிவு பொருந்துவதை விட்டு வைத்தது. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்பிரிவுக்கு இணையான ஒன்று இல்லை. வன்புணர்வுப் பிரிவில் பாதிக்கப்பட்டவர் பெண் என்றே வரையறுக்கப்பட்டுள்ளது. 18 வயதுக்குக் குறைந்த சிறுவருக்குப் போக்சோ சட்டம் துணை நிற்கிறது. வயதுவந்த ஆணுக்கு எஞ்சுவன காயம் விளைவித்தல், மிரட்டல், முறையற்ற தடுப்பு போன்ற பொதுப் பிரிவுகளே. மருத்துவச் சான்றில் காயம் தெரியாவிடில் அவையும் தளரும்.

வெளியில் வாழும் ஆண்களுக்கும் இக்குறை பொதுவானதுதான். ஆயினும் ஒரே பாலினத்தவரைப் பூட்டிய கதவுக்குள் இரவு முழுதும் அரசே வைத்திருக்கும் இடம் சிறை ஒன்றே. உறங்கும் கூடங்களில் கைதிகளைச் சேர்த்து வைப்பதாயின் அவர்களைக் கவனமாகத் தேர்ந்தெடுக்கவும், இரவில் முறையாகக் கண்காணிக்கவும் வேண்டும் என்கிறது மண்டேலா விதிகளின் 12ஆவது விதி. நம் சிறைகளில் இரவுக் கண்காணிப்பு, கூடத்தின் கம்பிக்கு வெளியே காவலர் ஒருவர் நடந்து செல்வதாக அமைந்திருக்கிறது. கூடத்திற்குள், கைதி அலுவலர் வரிசையின் அடிப்படியில், அதே கையேடுகள் அமர்த்திய ஒருவர் விழித்திருப்பார். அவருக்குப் பெயர் கைதி இரவுக் காவலர்.